ஆறு விநாடி

ஜனவரி 4, வியாழன்

முழங்கால்: 62 பாகை. ஐஸ் மூன்று தரம். மாத்திரை இரண்டு வேளை.

இந்தக் கொப்பியை ஆஸ்பத்திரியில் தந்துவிட்டார்கள். ஒப்பரேசனில் வைத்த இவருடைய புது முழங்கால் ஒவ்வொரு நாளும் எத்தனை பாகை மடிகிறது என்று எழுத வேண்டுமாம். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை இலக்கத்தை மட்டும்தான் பார்க்கிறாள். மிச்ச இடத்தில் நான் தமிழில் என்னத்தை எழுதினாலும் அவளுக்கு ஒன்றுதான். ஆகவே எழுதுகிறேன்.

காலையில் யன்னலைத் திறந்து பார்த்தால் இவருடைய வான் வண்டியைக் காணவில்லை. பனியில் சில்லு போன அடையாளம் மட்டும் கிடந்தது. கனடாவில், எங்கள் மார்க்கம் நகரத்தில் இப்போது இதுதான் நாகரிகம். எங்கள் தெருவில் இது மூன்றாவது.

பொலிஸ் வந்தது. வானுக்குள் கராஜ் கதவைத் திறக்கிற ரிமோட் இருந்ததா என்று கேட்டார்கள். முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைப்பில் கொளுவி இருந்தது என்றேன். “அப்படியென்றால் கராஜ் கதவை இயக்குகிற பெட்டியின் ஞாபகத்தை இன்றைக்கே அழித்துவிடுங்கள். வானைக் கொண்டுபோனவனிடம் உங்கள் விலாசமும் இருக்கிறது, வீட்டைத் திறக்கிற சாமானும் இருக்கிறது” என்றார் வயதான பொலிஸ்காரர்.

இவர் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு எனக்கு உத்தரவு போட்டார். “இஞ்சேர், கேட்டனியெல்லே? இண்டைக்கே அழிச்சுப்போடு.”

வான் போன கவலையை விட அந்த ரிமோட் போன கவலைதான் அவருக்குப் பெரிது. முப்பது வருடம் கார்ச்சாமான் தொழிற்சாலையில் மெஷினோடு மாரடித்த மனுசன். திறக்கிறது, பூட்டுகிறது எல்லாம் தன் கையில் இருக்க வேண்டும்.

ஜனவரி 5, வெள்ளி

63. முட்டளவு பனி. தனியத் தள்ளினேன். கராஜ் வேலை நாளைக்கு.

ஜனவரி 6, சனி

66 பாகை. பயிற்சிப் பிள்ளை வந்து காலை மடக்க, இவர் முருகா முருகா என்று கத்தினார். அவள் முருகா என்றால் ‘நிறுத்து’ என்று அர்த்தம் என நினைத்து நிறுத்திவிட்டாள்.

கடைக்குப் போய்ப் புது ரிமோட் ஒன்று வாங்கினேன். வானே இல்லை, ரிமோட் எதற்கு என்று கேட்டால், “வான் வராட்டிலும் ரிமோட் வேணும்” என்கிறார். பிறகு ஏணியை இழுத்துப் போட்டுக் கராஜில் ஏறினேன்.

முகட்டில் தொங்குகிற பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன மஞ்சள் பொத்தான் இருக்கிறது. அதை ஒருதரம் அமத்திவிட்டால் பக்கத்தில் ஒரு குட்டி வெளிச்சம் வரும். முப்பது விநாடிக்குள் ரிமோட்டை அமத்த வேண்டும். பெரிய பல்ப் ஒருதரம் கண் சிமிட்டினால் பெட்டி அந்த ரிமோட்டைப் பிடித்துவிட்டது என்று கணக்கு. அதே பொத்தானை ஆறு விநாடி விடாமல் அமத்தினால் குட்டி வெளிச்சம் அணையும். அதோடு அதுவரை பழக்கிய அத்தனை ரிமோட்டும் போச்சு. ஒன்றை மட்டும் மறக்கச் சொல்ல வழியில்லை. மறந்தால் எல்லாரையும் மறக்கும்.

இந்த வித்தையை எனக்குக் காட்டித்தந்தவன் என் தம்பி கெங்கன். அவன் ஊரிலிருந்து வந்து எங்கள் பேஸ்மென்டில் இறங்கி இரண்டாம் நாளே அவனுக்கு ஒரு ரிமோட் வாங்கினோம். இந்த வீட்டில் வாசல் கதவு விருந்தாளிகளுக்கு. எங்கள் ஆட்கள் கராஜால்தான் வருவார்கள். ரிமோட் கையில் கிடைத்தால் ஆள் வீட்டு ஆள் என்று அர்த்தம்.

அன்றைக்கு அவன் ஏணியில், நான் காருக்குள். அவன் பொத்தானை அமத்திவிட்டு “அக்கா, அமத்து! அமத்து!” என்று கத்த, நான் பதறிப்போய்க் கார் ஹோர்னை அமத்திவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது. பிறகும் ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் அப்படியேதான் செய்தோம்: ஒருவர் ஏணியில், ஒருவர் காரில். பேட்டரி மாற்றினால் திரும்பப் பழக்கத் தேவையில்லை என்பதும், பழக்குவதானாலும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏணியில் ஏறலாம் என்பதும் எட்டு வருடம் கழித்துத்தான் எங்களுக்குப் பிடிபட்டது. இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “அக்காவும் தம்பியும் படிச்ச படிப்பு!”

அழித்தாயிற்று என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 8, திங்கள்

68. கோழிச்சாறு வைத்தேன். உப்புப் போதாது என்றார். போட்டால் பிரஷர்.

“வடிவா ஆறு விநாடி அமத்தினியோ? எண்ணினியோ?” என்று காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், தேத்தண்ணியோடு ஒருதரம். எண்ணினேன், எண்ணினேன் என்று மூன்று தரமும் சொன்னேன். பொய் சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிவிடுகிறது.

ஜனவரி 9, செவ்வாய்

71 பாகை.

மறைத்து என்ன, இந்தக் கொப்பிக்காவது உண்மையைச் சொல்கிறேன். நான் அழிக்கவில்லை. புது ரிமோட்டைப் பழக்கிவிட்டு இறங்கிவிட்டேன். அதற்கு முன்னர் ஏணியில் நின்று அந்தப் பொத்தானில் விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றில் கையை எடுத்துவிட்டேன்.

கெங்கனிடம் இன்னும் அவனுடைய ரிமோட் இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னர் எங்கள் மகள் துஷாவின் கலியாணம். பெண் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது தாய்மாமன் தேங்காய் உடைத்து வழி விட வேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம். இந்தக் கராஜ் வாசலில்தான் எல்லாம் ஆயத்தம். உள்ளே காஸ் அடுப்பில் பலகாரம், வெளியே கதிரைகள், நடுவில் கும்பம். லொறி ஓட்டப் போன கெங்கன் அமெரிக்க எல்லையில் மாட்டுப்பட்டுவிட்டான். எட்டேமுக்காலோடு நல்ல நேரம் முடிகிறது. இவர் மணிக்கூட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கடைசியில் தன் தங்கச்சியின் புருசனைக் கூப்பிட்டுத் தேங்காயைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஒன்பதரைக்குக் கெங்கன் வந்தான். வேலை உடுப்போடு, பட்டு வேட்டியை ஹேங்கரில் தூக்கிக்கொண்டு. வாசலில் சிதறிக் கிடந்த தேங்காயைப் பார்த்தான். இவர்தான் பேசினார், அத்தனை சனத்துக்கு முன்னால். “பதினொரு வரியம் என்ரை வீட்டிலை இருந்தனி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நேரத்துக்கு வரத் தெரியேல்லை.”

அந்த ‘என்ரை வீட்டிலை’ என்ற சொல்தான். எனக்கே சுட்டது.

கலியாணம் முடிந்த அன்றே அவன் சாமான் கட்டினான். வாசல் கதவுத் திறப்பை வளையத்திலிருந்து கழற்றிக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனான். ரிமோட்டை வைக்கவில்லை. இவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

முதல் வருடம் போன் எடுத்தேன். “அத்தான் ஒருக்காக் கூப்பிடட்டும், அக்கா. நான் ஓடி வருவன்” என்றான். இவரிடம் சொன்னேன். “சின்னவன் அவன். அவன் எடுக்கட்டும்” என்றார். இரண்டு ஆம்பிளைகளுக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துப்போய், நானும் எடுப்பதை விட்டுவிட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறது. ஆனால் இந்தப் பெட்டிக்கு ரோசம் இல்லை. என்றைக்காவது அவன் வந்து அமத்தினால் அது திறக்கும். அதை மட்டும் என் கையால் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 10, புதன்

72. இன்று இவர் ரிமோட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நிம்மதி. கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாயிருக்கிறது என்றுகூடச் சொன்னார். உடம்புக்கு ஏதும் செய்கிறதோ தெரியவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

அளக்கவில்லை.

பத்தரைக்கு என் காரை எடுத்துக்கொண்டு தமிழ்க்கடைக்குப் போனேன். பொங்கலுக்குப் பச்சையரிசி, சர்க்கரை, கரும்பு. பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் இவர் கதிரையில் வெளிறிப்போய் இருக்கிறார். கையில் ஊன்றுதடி. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“ஆரோ கராஜைத் திறந்தவன். நீ எண்டு நினைச்சு மணி, மணி எண்டு கூப்பிட்டன். சத்தமில்லை. பிறகு முன்பக்கம் சரசர எண்டு ஏதோ சத்தம். பிறகு திரும்பக் கதவு பூட்டுற சத்தம். நான் எழும்புவம் எண்டால் எழும்ப ஏலேல்லை, மணி. எழும்ப ஏலேல்லை.”

நாற்பது வருடத்தில் இவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

கராஜிலிருந்து குசினிக்கு வருகிற கதவை நாங்கள் ஒரு நாளும் பூட்டுவதில்லை. கள்ளன் நேரே உள்ளே வந்திருக்கலாம். நடக்க முடியாத மனுசன் தனியே. எல்லாம் என்னால். ஒன்றும் களவு போகவில்லை. எண்ணெய் டின், பொங்கல் பானை, காஸ் அடுப்பு எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. உப்பு மூட்டை மட்டும் வாய் அவிழ்ந்து கிடந்தது. முன்படியில் ஐஸ் கரைய நான்தான் காலையில் உப்புத் தூவிவிட்டு அவசரத்தில் அப்படியே விட்டிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்லை. படியெல்லாம் வடிவாகத் தூவித்தான் கிடந்தது.

காலணியைக்கூடக் கழற்றவில்லை. நேரே ஏணியைப் போட்டு ஏறினேன். மஞ்சள் பொத்தானை அமத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் கண்ணை மூடிக்கொண்டேன். ஆறு. குட்டி வெளிச்சம் அணைந்தது.

இறங்கி வந்து, “இப்ப அழிச்சிட்டன். இனி ஒருத்தரும் திறக்கேலாது” என்றேன்.

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்தான். ஒண்டை மட்டும் அழிக்கேலாது.”

“ம்” என்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறாம் திகதியே அழித்துவிட்டதாகத்தான் இவரிடம் சொல்லியிருந்தேன். இப்போதுதான் அழித்தாயா என்று சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். பிடிக்கவில்லை.

குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 14, ஞாயிறு

74. என் ரிமோட்டையும் இவருடைய புது ரிமோட்டையும் திரும்பப் பழக்க வேண்டும். ஏணியில் ஏற மனமில்லை. சுவரில் இருக்கிற பொத்தான் போதும். இப்போது இந்தக் கதவுக்கு எங்களையும் தெரியாது.

ஜனவரி 15, திங்கள். தைப்பொங்கல்

75.

ஒவ்வொரு வருடமும் கராஜ் கதவை முழுக்கத் திறந்து, வாசலில் கோலம் போட்டு, காஸ் அடுப்பில் பானை வைப்போம். எங்கள் கராஜ் கிழக்குப் பார்த்தது. மைனஸ் இருபதிலும் சூரியன் வந்துவிடும், அதை இந்த நாட்டில் குறை சொல்ல முடியாது. கெங்கன் இருந்த காலத்தில் அடுப்புக்காரன் அவன்தான். தொப்பி, கையுறை, மேலே பெரிய கோட், கீழே வேட்டி. பால் பொங்குகிற நேரம் பார்த்து ரிமோட்டை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்து அமத்தி, கதவைக் கொஞ்சம் இறக்கி ஏற்றுவான். கதவும் பொங்கலோ பொங்கல் சொல்கிறதாம். ரிமோட்டைத் தாடைக்குக் கீழே வைத்தால் தெரு முனையிலிருந்தே வேலை செய்யும், மண்டை ஏரியல் மாதிரி என்பான். “உன்ரை மண்டைக்குள்ளை வேறை ஒண்டும் இல்லை, அதாலைதான்” என்று இவர் பகிடி பண்ணுவார். துஷா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரிக்கிறாள் என்பதற்காகவே இரண்டு பேரும் அதையே வருடா வருடம் சொல்வார்கள்.

இந்த வருடம் கராஜில் நிற்க இவரால் முடியாது. குசினி அடுப்பில் சின்னச் சட்டியில் பொங்கினேன். கதவு பூட்டியபடி. பால் வழிந்து அடுப்பு நாறியதுதான் மிச்சம்.

ஒன்பது மணிக்கு வாசலைப் பார்த்தேன். விடியப்புறம் பெய்த புதுப் பனி. அதில் ஒரு காரின் சில்லுத் தடம் தெருவிலிருந்து நேரே கராஜ் கதவு வரைக்கும் வந்து, அப்படியே பின்னால் போயிருந்தது. ஆள் இறங்கிய அடி இல்லை. வந்து, நின்று, போயிருக்கிறது.

திரும்பவும் கள்ளன் என்று நினைத்தேன். நல்ல வேளை அழித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தத் தடத்தின் மேல் பனி தள்ள எனக்குக் கை வரவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

76. பட்டிப்பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. இவருக்குத்தான் வைத்துக்கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுச் சீனக்காரர் லீ வந்தார். அவருடைய வாசலில் இருக்கிற கமரா நாங்கள் கார் விடுகிற டிரைவ்வேயையும் பிடிக்கும். நேற்றுக் காலை ஏழு ஐம்பதுக்கு ஒரு கார் வந்ததாம், பொலிசுக்குக் காட்டலாம் என்று போனைக் கொண்டுவந்தார். இவருடைய கதிரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

சாம்பல் நிறக் கார். கதவுக்கு முன்னால் வந்து நின்றது. யன்னல் இறங்கியது. ஒரு கை வெளியே வந்து ரிமோட்டைக் கதவுக்கு நேரே நீட்டியது. ஒருதரம், இரண்டுதரம். பிறகு கை உள்ளே போனது. தலை கொஞ்சம் வெளியே வந்தது. ரிமோட்டைத் தாடைக்குக் கீழே வைத்து அமத்தினான். திரும்ப அமத்தினான். திரும்பவும்.

லீ சிரித்தார். “விசித்திரமான கள்ளன்” என்றார்.

கெங்கன். கதவு திறக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கார் மெல்லப் பின்னால் போனது.

வெள்ளிக்கிழமை வந்து திறந்ததும் அவன்தான். படியில் ஐஸ் கிடப்பதைப் பார்த்து உப்புத் தூவிவிட்டுப் போன கள்ளன். அவன் வந்து போன சத்தத்தை வைத்துத்தான் அவனுக்குக் கதவை அடைத்திருக்கிறேன், என் கையால், ஆறு விநாடி எண்ணி.

லீ போன பிறகு இவரிடம் கத்தினேன். நாலு வருடத்துக் கத்தலையும் சேர்த்துக் கத்தினேன். “நீங்கள் ஒரு போன் எடுத்திருந்தால்! ஒரே ஒரு போன்!”

இவர் கதிரைக்குப் பக்கத்தில் கிடந்த இந்தக் கொப்பியைக் காட்டினார். “ஒன்பதாம் திகதி எழுதினதை வாசிச்சனான். நீ அழிக்கேல்லை எண்டு தெரிஞ்சுதான் கேக்கிறதை விட்டனான்.”

“தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீங்களோ? கள்ளனிட்டை ரிமோட் இருக்கெண்டு தெரிஞ்சும்?”

“கள்ளன் வந்தால் வரட்டும் எண்டுதான்” என்றார். “அவனும் வருவான் தானே.”

பிறகு போனைத் தா என்றார். கெங்கன் எடுக்கவில்லை. தகவல் விடச் சொல்லிச் சத்தம் வந்தது. இவர் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலால் பேசுகிற மாதிரி உரத்துப் பேசினார்.

“கெங்கன், நான் அத்தான் கதைக்கிறன். வானைக் களவெடுத்துக்கொண்டு போட்டாங்கள். அதாலை பெட்டியை அழிச்சது. உன்னை மட்டும் அழிக்கேல்லை, எல்லாரையும் அழிச்சது. என்ரை ரிமோட்டும் திறக்காது. அக்கான்ரையும் திறக்காது. சரியோ? பிறகு... அண்டைக்கு நான் சொன்னது பிழை. அது என்ரை வீடு மட்டும் இல்லை. சனிக்கிழமை கதவு திறந்து கிடக்கும். தேங்காய் ஒண்டும் கிடக்கு.”

போனை என்னிடம் நீட்டிவிட்டு, “ஐஸ் கொண்டா, முழங்கால் நோகுது” என்றார். ஐஸ் எடுக்கப் போன நான் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஜனவரி 17, புதன்

78. போன் வரவில்லை.

ஜனவரி 18, வியாழன்

81. வரவில்லை. உடுப்புத் தோய்த்தேன்.

ஜனவரி 20, சனி

விடிந்ததும் சுவர்ப் பொத்தானை அமத்திக் கதவை முழுக்கத் திறந்தேன். மைனஸ் பதினாலு. ஒரு நிமிசம் கதவு திறந்து கிடந்தாலே ஹீட் போகுது, ஹீட் போகுது என்று கத்துகிற மனுசன், இரண்டு போர்வையும் தொப்பியும் போட்டுக் கராஜ் நடுவில் கதிரை போடச் சொல்லி, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மடியில் தேங்காய். நான் பெரிய பானையை எடுத்து அடுப்பை மூட்டினேன். தை ஆறாம் திகதி யாராவது பொங்குவார்களா? நாங்கள் பொங்கினோம்.

பத்து மணி வரைக்கும் யாரும் வரவில்லை. இவருடைய மூக்கு சிவந்துவிட்டது. உள்ளே போவோம் என்றேன். “நீ போ” என்றார்.

பத்தே காலுக்குச் சாம்பல் நிறக் கார் திரும்பியது.

கெங்கன் இறங்கினான். காதோரம் நரைத்திருக்கிறது. மெலிந்திருக்கிறான். டிரைவ்வே முடிந்து கராஜ் சீமெந்து தொடங்குகிற கோட்டில் வந்து நின்றான். கையில் ரிமோட். துஷா போன் எடுத்து முழங்கால் விசயத்தைச் சொல்லியிருக்கிறாள், அதைக் கேட்டுத்தான் வெள்ளிக்கிழமை வந்தானாம். திறந்து பார்த்தால் என் காரைக் காணவில்லை. அத்தான் தனியே இருக்கும்போது உள்ளே போக வெட்கமாகிவிட்டது. பொங்கலுக்கு வருவோம் என்று திரும்பிப் போனானாம். அதெல்லாம் பிறகு சொன்னது. அப்போது சொன்னது ஒன்றுதான்.

“கதவு திறக்கேல்லை, அத்தான்.”

“எனக்கும்தான் திறக்கேல்லை. உள்ளுக்கை வா, குளிருது.”

அவன் வரவில்லை. இவர் ஊன்றுதடியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். நாலு அடி. புது முழங்காலால் தனியே நடந்த முதல் நாலு அடி. தேங்காயை அவன் கையில் வைத்தார்.

“நேரம் பிந்திப் போச்சே” என்றான் கெங்கன்.

“நாலு வரியம்தானே. உடை.”

அதே வாசலில் உடைத்தான். ஒரு பாதி சறுக்கிக்கொண்டு லீயின் டிரைவ்வேக்கே போய்விட்டது. மூன்று பேரும் அழுதோம். பால் பொங்கி வழிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

சாப்பிட்ட பிறகு கெங்கன் ஏணியை எடுத்தான். நான் பறித்துக்கொண்டு நானே ஏறினேன். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏறலாம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவன் போய்த் தன் காருக்குள் உட்கார்ந்து யன்னலை இறக்கினான். மஞ்சள் பொத்தானை ஒரேயொரு தரம் தொட்டேன். குட்டி வெளிச்சம் வந்தது.

“அமத்து, தம்பி! அமத்து!”

அவன் ஹோர்னை அமத்தினான். வேண்டுமென்றுதான். லீ வெளியே ஓடி வந்தார். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவன் ரிமோட்டைத் தாடைக்குக் கீழே வைத்தான். பல்ப் கண் சிமிட்டியது.

எங்கள் ரிமோட் இரண்டையும் அதற்குப் பிறகுதான் பழக்கினோம். இன்றைக்கு நான் அளவு எழுத மறந்துவிட்டேன் என்று சொல்லி இவர் பேனையை வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது இவருடைய எழுத்து.

முழங்கால் 92. ரிமோட் 3.